ரோடு போடப் போட வீடு பள்ளமாகுது: அம்மாப்பேட்டைத் தெருவுக்கு மனுவில் என்ன கேட்கலாம்?

தறிமேடை:
சேலம் அம்மாப்பேட்டை மண்டலத்தில் 20 அடித் தெரு, 100 மீட்டர் நீளம். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வாசற்படி இரண்டு மூழ்கிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் நேராகக் குழித்தறிக்குள் (தரையில் குழி தோண்டி அமைத்த கைத்தறி) இறங்கி, காலால் மிதிக்கும் மிதிப்பலகை மிதக்கிறது. பாதாள சாக்கடைக் குழாய் பதித்து முடித்துவிட்டார்கள், அடுத்து ரோடு போடுவார்களாம். தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கப் போகிறோம். "நல்ல ரோடு வேண்டும்" என்பதோடு வேறு என்ன எழுத வேண்டும்? பிளாஸ்டிக் ரோடா, பேவர் பிளாக்கா, எதைக் கேட்பது?

மட்டக்குழாய்:
எந்த ரோடு என்பது அப்புறம். முதலில் மட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். கரண்ட் கம்பத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து தாழ்வான வீட்டின் வாசல், ரோட்டின் நடு, இரண்டு ஓரம், ஓரச் சாக்கடையின் மேல்விளிம்பு, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் கீழே என்று அளந்து மனுவோடு இணையுங்கள். "முடிந்த ரோட்டின் ஓரம் இந்த அளவுக்கு மேல் ஏறக்கூடாது" என்று ஒரு வரி. இதுதான் மனுவின் உயிர்.

பழைய மேல்தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே அனுப்பினார். அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் 30 மி.மீ. சுரண்டி 30 மி.மீ. போட்டால் மட்டம் ஏறாது, அவ்வளவுதான், இறங்காது. ஏற்கெனவே இரண்டு படி மூழ்கிய தெருவில் முழுசாகத் தோண்டி, வெட் மிக்ஸ் ஜல்லியை (தண்ணீர் சேர்த்துக் கலந்த பல அளவு ஜல்லி) அடுக்கடுக்காகப் போட்டு ரோலர் ஓட்டித்தான் மேல்தளம் கேட்க வேண்டும். தோண்டுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக் குடிநீர் இணைப்பும் எங்கே போகிறது என்று சுண்ணாம்பில் கோடு போட்டு வையுங்கள். ஒரு அடி ஆழத்தில் கிடக்கும் குழாயை ஜேசிபி பல் ஒரே இழுப்பில் பிடுங்கிவிடும். புது ரோட்டில் முதல் வெட்டு அங்கேதான் விழும்.

தண்ணீர் ஓரத்துக்கு ஓட ரோட்டின் நடு உயர்ந்திருக்க வேண்டும்; இந்த நடுமேட்டின் சரிவு 2.5 சதவீதம். உங்கள் 20 அடித் தெருவில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 3 அங்குல வித்தியாசம். இது இல்லாமல் தட்டையாகப் போட்டால் தார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் தேங்கி ஜல்லி பெயரும்.

சேர்வராயன் அடிவாரம்:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதாள சாக்கடைக் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மறந்துவிட்டார். சேலத்தில் பல ரோடு உட்காருவது அதனால்தான். தோண்டிய மண்ணையே ஈரத்தோடு தள்ளி மூடியிருந்தால் முதல் பெருமழையில் நீளவாக்கில் வாய்க்கால் விழும். குவாரி டஸ்ட் (கல் உடைக்கும்போது வரும் தூள்) போட்டு, 15 செ.மீ.க்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு இடித்து ஏற்ற வேண்டும். ஏற்கெனவே மூடிவிட்டார்கள் என்றால் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மறுபடி தோண்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். மேன்ஹோல் மூடியையும் புது மட்டத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நடுரோட்டில் அது திண்டு மாதிரி நிற்கும்.

ஓரச் சாக்கடை தண்ணீரை எங்கே விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலையில் பெய்தால் திருமணிமுத்தாறு நிரம்பி வரும் ஊர் இது. சாக்கடை ஆற்றில் விழும் வாய் ஆற்று மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் திரும்பி உங்கள் தெருவுக்கே வரும்.

மட்டக்குழாய்:
ஆமாம், பள்ளத்தை விட்டுவிட்டேன். போடும் நாளில் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தூசியை ஊதிச் சுத்தம் செய்த பிறகு, அடிப்பூச்சாகத் தெளிக்கும் எமல்ஷன் (தண்ணீர் கலந்த தார்) பழுப்பு நிறத்திலிருந்து கறுப்பாக மாறும்வரை கலவையைக் கொட்டக்கூடாது. விஜி-30 ரகத் தார் என்றால் பரப்பும்போது கலவை 140 டிகிரிக்குக் குறையக்கூடாது, 90 டிகிரிக்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். தெர்மாமீட்டர் கேளுங்கள், இல்லை என்றால் அதுவே ஒரு பதில். 30 மி.மீ. கனத்துக்கு உங்கள் தெருவுக்குச் சுமார் 42 டன் கலவை வேண்டும். லாரி எடைச்சீட்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 30 டன்னில் முடிந்தால் கனம் எங்கே போனது என்று கேட்கலாம்.

பிளாஸ்டிக் ரோடு கேட்கலாம், தப்பில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் கொண்டுவந்த முறை. சூடான ஜல்லியில் நறுக்கிய பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசிவிட்டுத் தார் சேர்ப்பார்கள். தண்ணீர் பட்டு ஜல்லி பெயர்வதைத் தாங்கும். மட்டப் பிரச்சினையை அது தீர்க்காது.

தறிமேடை:
மிக்க நன்றி. தெருவிலிருந்து பிரியும் 8 அடிச் சந்துக்கும் இதேதானா?

சேர்வராயன் அடிவாரம்:
சந்துக்கு பேவர் பிளாக் மேல். குழாய் ரிப்பேர் வந்தால் கழற்றி அதையே திரும்பப் பதிக்கலாம். டெம்போ வந்து போகும் என்றால் 80 மி.மீ. கல் கேளுங்கள், 60 நடக்கவும் லேசான வண்டிக்கும்தான். இரண்டு ஓரமும் கான்கிரீட் கட்டை இல்லாமல் பதிக்க விடாதீர்கள், ஆறே மாதத்தில் கல் விலகிப் பல் இளிக்கும். மழைநீர் நிலத்துக்குள் இறங்கும் என்று சொல்லி விற்பார்கள். சாதாரணக் கல்லில் இடுக்கு வழியாகக் கொஞ்சம்தான் இறங்கும். அதனால் சந்துக்கும் சாக்கடையைப் பார்த்துச் சரிவு வேண்டும்.