ஒருநாள் சிரமதானமா, பாடத்தோடு இணைந்த கிராமப் பணியா?

வந்தாறுமூலை மாணவி:
கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு விஞ்ஞானம் கற்கிறேன். மாரி மழை தொடங்குமுன், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரைக் கிராமமொன்றில் டெங்கு ஒழிப்புச் சிரமதானம் செய்ய எங்கள் வகுப்பினர் எண்ணியுள்ளோம். பணி பாடத்தோடு தொடர்புற்றிருக்க வேண்டும், ஒருநாளோடு முடிந்துவிடக் கூடாது என்கிறார் விரிவுரையாளர். எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி:
பிள்ளை, உங்கள் விரிவுரையாளர் சொல்வதே சரி. டெங்கைப் பரப்பும் நுளம்பின் முட்டை பொரித்து, குடம்பியாகிக் கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். கலத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையோ, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடிருந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். ஆகவே சிரட்டைகளையும் பழைய டயர்களையும் அள்ளி அகற்றி, பதாகையோடு படமெடுத்துத் திரும்பினால் அந்தப் பயன் அடுத்த மழைவரைக்கும்கூடத் தாங்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலில் வாரந்தோறும் அதே வீடுகளுக்குச் சென்று, எவ்வகைக் கலங்களில் குடம்பிகள் இருந்தன என்பதைக் குறித்து, வீட்டாரோடு சேர்ந்து தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுங்கள். உயிரியலும் புள்ளிவிபரவியலும் அங்கேயே கற்கப்படும்.

வெள்ளத்துக்குப் பின் கிணறுகளுக்குக் குளோரின் இடுவதும் இத்தகையதே. 1.5 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 3,500 லீற்றர். இக்கணக்குத் தவறினால் மருந்தின் அளவும் தவறும்.

சேவை செய்தபடியே பாடத்தையும் கற்கும் இம்முறைக்கு, அதாவது சேவைவழிக் கற்றலுக்கு, அமெரிக்கரான ரொபர்ட் சிக்மன் 1979இல் மூன்று நியதிகளை எழுதினார். எந்தச் சேவை வேண்டும் என்பது அதைப் பெறுவோரின் கையில் இருக்க வேண்டும்; அவர்களுடைய வல்லமை அதனால் வளர வேண்டும்; சேவை செய்வோரும் கற்போராக இருக்க வேண்டும். முதலாவதே மிகக் கடினமானது, ஏனெனில் கிராமத்தைக் கேட்பதற்கு முன்னரே நாம் தலைப்பை முடிவு செய்துவிடுகிறோம்.

படுவான்கரை விவசாயி:
ஆசிரியர் ஐயா சொன்ன முதலாவது நியதியை நான் வழிமொழிகிறேன். முதலில் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் மாதர் சங்கத்திடமும் பேசுங்கள், மகள். டெங்கைவிடக் குடிநீரே அவசரம் என்று அவர்கள் சொல்லவும் கூடும். பெரும்போக விதைப்பு நடக்கும் நாட்களில் காலையில் வந்தால் வீடுகள் பூட்டியிருக்கும், நாங்கள் வட்டைக்குள், அதாவது வயல்வெளியில், நிற்போம், பின்னேரத்தில் வாருங்கள். படிவங்களோடு வந்து, எத்தனை பேர், என்ன வருமானம் என்று கேட்டுச் சென்ற பலர் பின்னர் திரும்பி வரவேயில்லை, அவர்கள் கண்டறிந்ததை நாங்கள் இன்றுவரை அறியோம். நீங்கள் திரட்டும் விபரத்தை எங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பழைய மாணவர், கல்லடி:
பரீட்சைக் காலத்திலும் விடுமுறையிலும் இத்தகைய பணிகள் அறுந்து போவதைக் கண்டிருக்கிறேன். முதலாம் ஆண்டினரையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொண்டால் நீங்கள் வெளியேறும்போது அவர்கள் பொறுப்பேற்பார்கள். புள்ளி வழங்குவது கிராமத்தில் செலவிட்ட மணித்தியாலங்களுக்காக அன்றி, ஒவ்வொருவரும் வாரந்தோறும் எழுதும் குறிப்பேட்டுக்காக அமையட்டும். வீடுவீடாக எடுத்த பதிவின் பிரதியொன்றைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்.