புதுப்பிப்பு: மொரீசியசில் படிக்க வந்து பேச்சுத்துணை இல்லாமல் இருந்தது

ரெடுயியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் பேசிக்கொண்டே கலைந்துவிடுகிறார்கள், எனக்குப் பழக ஆளில்லை என்று புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மாணவர் சங்கத்தில் சேர்ந்து பார்த்தேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்றதுதான் மிச்சம். கைகொடுத்தது, "காவடி சமயத்தில் கோயில் சமையலுக்கு ஒத்தாசையாகப் போ" என்று ஓர் அக்கா சொன்ன யோசனை. இங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. முந்தின நாளே கத்ர் போர்ன் ஊருக்குப் பக்கத்தில், கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலுக்குப் போய்விட்டேன். ஒரு பாட்டி கத்தியைக் கையில் திணித்துப் பூசணிக்காய்க் குவியலைக் காட்டினார். நறுக்கி முடிப்பதற்குள் ஊர், படிப்பு, கல்யாணம் வரைக்கும் விசாரணை முடிந்துவிட்டது! மறுநாள் வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது பக்கத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பையன் எங்கள் வளாகத்திலேயே படிக்கிறவன். இப்போதெல்லாம் மத்தியானம் தால்பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) சாப்பிடுவது அவன் கூட்டாளிகளோடுதான். (ஜோடியாகத்தான் தருவார்கள், ஒன்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.)

எதிர்பாராதது: கோயிலிலும் வணக்கத்துக்கு அப்புறம் கிரியோல்தான். முருகன் பாட்டை மனப்பாடமாகப் பாடுகிறவர்களே உப்பைக் கிரியோலில்தான் கேட்கிறார்கள். ஆக, "மொழியைப் பிடித்துக்கொள்" என்று பதில் போட்ட அண்ணன் சொன்னதும் சரி. அதற்கு வகுப்பைவிட அந்தச் சமையல்கட்டே தேவலை.

வழி கேட்டவருக்கு: ரெடுயியிலிருந்து மெட்ரோவில் ரோஸ் ஹில் வந்து, மாறி, கத்ர் போர்னில் இறங்குங்கள். கோயில் அங்கிருந்து கொஞ்சம் தூரம்.