மொட்டைமாடியில் வெசாக் கூடு

வாட்ஸ்அப் குழு: நம் மாடிவீட்டார், வெள்ளவத்தை

*மார்ச் கடைசி வாரம், செவ்வாய்*

3பி மாமி: மொட்டைமாடியில் எட்டு மூங்கில் கிடக்கிறது. வெசாக்கிற்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே, இப்போதே விளக்குக் கூடு கட்டுவது யார்?

5ஏ தம்பி: நான்தான் மாமி. கூடு இல்லை, அன்ரெனா. சனிக்கிழமை காலை 5.30க்கு உலக அமெச்சூர் வானொலிப் போட்டி தொடங்குகிறது. பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள் மற்ற நாட்டாரோடு தொடர்புகொண்டு புள்ளி சேர்ப்பது. திங்கள் காலை 5.30 வரை, 48 மணித்தியாலம். தனி ஆள் அதில் 36 மணித்தியாலம்தான் பேசலாம்.

2சி செயலாளர்: என்னிடம் "சின்னதாக ஒரு கம்பி" என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினான்.

5ஏ தம்பி: கம்பி மெல்லியதுதான் ஐயா. நீளம் மட்டும் ஏறத்தாழ 44 மீற்றர்.

1ஏ ரீச்சர்: என் உடுப்புக் கொடி எங்கே போனது என்று இப்போது விளங்குகிறது.

5ஏ தம்பி: ஐயோ, அது இல்லை ரீச்சர். கொடியைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மாற்றிக் கட்டியிருக்கிறேன். அங்கே வெயில் இன்னும் நன்றாக விழும்.

4டி அங்கிள்: பிள்ளை செய்வது சரியான வேலை. 14 மெகாஹேர்ட்ஸில் ஒரு அலைநீளம் 21 மீற்றர் சொச்சம். அந்த நீளக் கம்பியைச் சதுரமாக வளைத்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 18 அடி. பின்னால் சற்றுப் பெரிய இன்னொரு சதுரம், கண்ணாடி மாதிரி அலையை முன்னால் தள்ளிவிடும். 1940களில் ஈக்குவடோரின் குயிட்டோ மலைநகர வானொலி நிலையத்தில் அலுமினிய அன்ரெனாவின் நுனிகளில் பொறி பறந்து உலோகமே உருகியது. உயரத்தில் காற்று மெலிவு அல்லவா? நுனியே இல்லாத வளையமாகக் கட்டிப் பார்ப்போம் என்று கிளாரன்ஸ் மூர் என்ற பொறியியலாளர் யோசித்ததில் பிறந்ததுதான் இது.

3பி மாமி: எட்டரை மணி நாடகத்தில் இரைச்சல் வந்தால் நான் மேலே வருவேன். அவ்வளவுதான்.

5ஏ தம்பி: வராது மாமி, 100 வாற்றுதான். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமமும் இருக்கிறது.

*வியாழன்*

5ஏ தம்பி: பத்து மணிக்கே இறங்கிவிட்டேன். தளத்தில் செருப்போடும் நிற்க முடியவில்லை. ஒட்டுநாடாவின் பசை உருகி, கட்டிய கம்பி மூங்கிலில் வழுக்கிக்கொண்டு வருகிறது. இதில் வேடிக்கை, கடற்காற்றில் சோல்டரிங் கோல் மட்டும் சூடேறமாட்டேன் என்கிறது.

4டி அங்கிள்: ஒரு பலகையால் காற்றை மறை. நாடாவை விட்டுவிட்டு நைலோன் நூலால் கட்டு. சூரியன் ஏப்ரல் 7 அளவில் நம் உச்சிக்கே வந்துவிடும், இனி வெயில் குறையாது. விடியலில் ஏறு, ஒன்பதுக்கு இறங்கு.

3பி மாமி: செவ்விளநீர் இரண்டு குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ. முகம் கருகிப்போய்விட்டது.

2சி செயலாளர்: இடி விழுந்தால் யார் பொறுப்பு? இந்த மாதத்தில் பின்னேரம் ஆனால் முழங்குகிறது.

5ஏ தம்பி: முதல் முழக்கத்திலேயே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவேன் ஐயா. போட்டி போனால் போகட்டும்.

*வெள்ளி*

5ஏ தம்பி: ஒரு மூங்கில் வெயிலில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. 13 அடியில் யாரிடமாவது ஒரு தடி இருக்கிறதா?

1ஏ ரீச்சர்: என் கொக்கைத்தடி இருக்கிறது. மாங்காய்க் காலம், திங்களன்று திரும்ப வர வேண்டும்.

4டி அங்கிள்: எந்தப் பக்கம் பார்க்கக் கட்டுகிறாய்?

5ஏ தம்பி: திருப்புவதற்கு மோட்டார் இல்லை அங்கிள், வடமேற்கில் நிலையாகக் கட்டுகிறேன். ஜப்பானும் இந்தியாவும் ஆசியா என்பதால் இந்த அலைவரிசையில் ஒரு தொடர்புக்கு 1 புள்ளிதான். ஐரோப்பா என்றால் 3.

4டி அங்கிள்: கெட்டிக்காரன். அந்தப் பக்கம் கடல். உப்புத் தண்ணீர்மேல் அலை தாழ்வாக, நெடுந்தூரம் போகும்.

5ஏ தம்பி: ஐந்து மணிக்குக் கயிறு பிடிக்க நான்கு பேர் வேண்டும்.

2சி செயலாளர்: நானும் வருகிறேன். யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

*சனி, இரவு 9.40*

3பி மாமி: நாடகம் தெளிவாக வந்தது. சொல்லிவிட்டேன்.

1ஏ ரீச்சர்: முற்றத்தில் நின்றால் அவன் குரல் கேட்கிறது. எல்லோருக்கும் "ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது" என்கிறான். அது என்ன?

4டி அங்கிள்: குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்பதற்கான மதிப்பு. 5ம் 9ம் உச்சம். பிறகு சொல்லும் தொடர் எண்தான் ஒவ்வொரு ஆளுக்கும் மாறும்.

1ஏ ரீச்சர்: எல்லோருக்கும் உச்ச மதிப்பா? முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். இப்படி ஒரு திருத்தலைக் கண்டதில்லை.

5ஏ தம்பி: ரீச்சர், உங்கள் கொக்கைத்தடியில் இப்போதுதான் பின்லாந்து மாட்டியது. 187ஆவது தொடர்பு!

1ஏ ரீச்சர்: அவர்களுக்கும் 59தானா?

5ஏ தம்பி: ஆம் ரீச்சர்.

1ஏ ரீச்சர்: உண்மையில் கேட்டதா?

5ஏ தம்பி: அரைகுறையாக.