புதுப்பிப்பு: டப்ளினிலிருந்து ஜயன்ட்ஸ் காஸ்வே ஒருநாள் டூர், விசா சிக்கல் தீர்ந்தது

இந்திய பாஸ்போர்ட், அயர்லாந்து சுற்றுலா விசா மட்டும். ஜயன்ட்ஸ் காஸ்வே இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது; இந்த விசாவோடு அதற்குள் போக முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. விசா ஸ்டிக்கரில் 'பிஐவிஎஸ்' (BIVS, பிரிட்டன்-அயர்லாந்து விசா திட்டம்) என்ற குறிப்பு இருக்கிறதா பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. அது இருந்தால் தனி பிரிட்டன் விசா தேவையில்லை. ஆனால் முதலில் அயர்லாந்தில்தான் இறங்க வேண்டும். படிப்பு, வேலைக்கான நீண்டகால விசாவுக்கு இது பொருந்தாது.

எதிர்பாராதது காற்று. கேரிக்-அ-ரீட் கயிற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள். மிச்சமான நேரம் காஸ்வேக்குப் போனது, நல்லதுதான். சுமார் 40,000 பசால்ட் (எரிமலைப் பாறை) தூண்கள், ஃபின் மக்கூல் என்ற ராட்சதன் ஸ்காட்லாந்துக்குப் போட்ட பாதையாம் (நமக்குச் சேதுபாலம் ஞாபகம் வராமல் இருக்குமா!). அலை படும் கறுத்த கற்கள் பயங்கர வழுக்கல், பிடிப்புள்ள ஷூ அவசியம். எல்லை தாண்டினால் யூரோ இல்லை, பவுண்டு.