புதுப்பிப்பு: அப்பாவின் பல்லும் ஸ்டென்ட் குளிசையும்

போன மாதம் கேட்டிருந்தேன்: மாரடைப்புக்குப் பிறகு அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து நாலு மாதம். கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். இரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் குளோபிடோகிரல் குளிசையை 5 நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள் பல் பிடுங்குமிடத்தில், நிறுத்தலாமா என்று. “இதய வைத்தியரைக் கேட்காமல் தொடாதே” என்று எழுதியவர்களுக்கு நன்றி.

உப்புவெளியிலிருந்து கிளினிக் கொப்பியோடு போய்க் கேட்டோம். நிறுத்தவே கூடாது என்றார் டொக்டர். ஸ்டென்ட் என்பது கம்பி வலை. அதன்மேல் இரத்தக்குழாயின் உட்படலம் வளர்ந்து மூட மாதக்கணக்காகும். அதற்குள் குளிசையை விட்டால் கம்பியில் இரத்தம் கட்டி, குழாயே திடீரென அடைபடலாம். அப்படி அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக 12 மாதம் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்துத்தான். பல்லில் வரும் இரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம், நெஞ்சுக்குள் விரல் வைக்க முடியுமா?

சரி, போன புதன்கிழமை இரண்டு குளிசையும் போட்டபடியே பல்லைப் பிடுங்கியாச்சு. ஒரு தையல். துணியை அரை மணிநேரம் கடித்தபடி, பேச முடியாமல், மத்தியானம் மீன்குழம்பு உண்டா என்று கையாலேயே கேட்டார் மனிதர். பின்னேரம் வரை எச்சிலில் லேசான சிவப்பு. காலையில் தலையணை உறையில் ஒரேயொரு பொட்டு, அவ்வளவுதான்.