ஃபேண்டஸி ஃபுட்பால்: 12 பேர் லீக்கில் எந்த டிராஃப்ட் இடத்தைக் கேட்டு வாங்குவது?

எடிசன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்ஸியில் எங்கள் அலுவலகத்தில் 12 பேர் சேர்ந்து என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) ஃபேண்டஸி லீக் ஆடுகிறோம். டிராஃப்டில் முறைவைத்து நிஜ வீரர்களை எடுத்து ஆளுக்கொரு அணி அமைப்போம், அவர்கள் நிஜ ஆட்டங்களில் ஆடுவதை வைத்து எங்களுக்குப் புள்ளி. இந்த 2025 பருவத்துக்கு டிராஃப்ட் இடங்களைக் கணினி ஒதுக்கவில்லை. சீட்டுக் குலுக்கினார்கள், பெயர் வந்த வரிசைப்படி அவரவர் தமக்கு வேண்டிய இடத்தைக் கேட்டுக்கொள்ளலாம். என் பெயர் நான்காவதாக வந்தது. முதல் இருவர் 1, 2 ஆகிய இடங்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாமவர் இன்னும் யோசிக்கிறார். வியாழன் இரவுக்குள் நான் என் இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

3 கிடைத்தால் 3, இல்லாவிட்டால் 4 என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து மேசைக்காரரோ, "கடைசி இடத்தை வாங்கு, அடுத்தடுத்து இரண்டு பேரை எடுக்கலாம்" என்கிறார். ஸ்நேக் டிராஃப்ட்தான், அதாவது முதல் சுற்று 1இலிருந்து 12வரை, அடுத்தது 12இலிருந்து 1வரை என்று வரிசை திரும்பும். களமிறக்க வேண்டியவர்கள்: ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்), மூன்று வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதும் பந்தைப் பிடிப்பதுமாக இருப்பவர்), ஒரு ஃபிளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் ஆகியோரில் யாரேனும் ஒருவர்). பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, அதாவது முழு பிபிஆர். காரணத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஞாயிறுபகல்:
முதல் இடம் போய்விட்டதே என்று வருந்தாதீர்கள். அந்த இடத்தின் வரலாறே சரியில்லை. 2020இல் எல்லாரும் முதலில் எடுத்தது கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை. ஆடியது 3 ஆட்டம். 2021இலும் அவரே; 7 ஆட்டம். 2022இல் ஜொனாதன் டெய்லர், 11 ஆட்டம். 2023இல் ஜஸ்டின் ஜெஃபர்சன், தொடைத் தசைக் காயத்தால் 10 ஆட்டம். 2024இல் மறுபடியும் மெக்காஃப்ரி. குதிகால் தசைநாண் வலியோடு தொடங்கி 4 ஆட்டத்தில் முடிந்தது. நான் 4ஆம் இடத்துக்கே வாக்களிப்பேன். அவ்வளவு முன்னால் நின்றால் தரமான ஆள் தவறாமல் கிடைப்பார்.

கணக்குப்பிள்ளை:
ஞாயிறுபகல் சொன்ன விவரங்கள் சரி. ஆனால் அவை அந்த மூன்று வீரர்களின் காயக் கதை. இடத்தின் மேல் பழி போட முடியாது. 1இல் நிற்பவருக்கு மொத்த வரிசையில் 24, 25 என்று அடுத்தடுத்து இரண்டு பேர் வருகிறார்கள். முதல் ஆள் விழுந்தாலும் அந்த இருவர் தாங்குவார்கள்.

எடிசன்வாசி, எண்ணைப் பார்த்து இடத்தைக் கேட்காதீர்கள். முதலில் ஒரு தாளில் உங்கள் பார்வையில் முதல் 30 வீரர்களை வரிசையாக எழுதுங்கள். "இவர் போனாலும் பரவாயில்லை, அடுத்தவரும் ஏறக்குறைய இதே தரம்" என்று தோன்றும்வரை ஒரே அடுக்கு. "இவர் போய்விட்டால் நஷ்டம்" என்று தோன்றும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். இந்த ஆண்டு பெரும்பாலான பட்டியல்களில் ஜமார் சேஸ், பிஜான் ராபின்சன், சேக்வான் பார்க்லி, ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜாமிர் கிப்ஸ், சீடீ லாம் ஆகிய ஆறு பேர்தான் உச்சத்தில் மாறி மாறி வருகிறார்கள். நீங்களும் அங்கேயே கோடு போட்டால் 4, 5, 6 மூன்றுமே முதல் சுற்றில் ஒரே விலை. அப்படியானால் ஏன் 4 வாங்க வேண்டும்? 6ஐ வாங்கினால் இரண்டாம் சுற்றில் 21க்குப் பதிலாக 19ஆவது ஆள் கிடைப்பார்.

முடிவெடுக்குமுன் ஒன்றைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். மூன்றாம் சுற்று எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது? சில லீக்குகளில் இரண்டாம் சுற்றைப் போலவே மூன்றாம் சுற்றையும் 12ஆம் இடத்திலிருந்தே தொடங்குவார்கள். பந்தயப் பணம் பெரிதாக உள்ள போட்டிகளிலும் இந்த வழக்கம் உண்டு. அப்படி இருந்தால் மேலே நான் சொன்ன கணக்கு மாறிவிடும்.

நான்காம்டவுன்:
6ஐ வழிமொழிகிறேன். நடுவில் நிற்பவர் யாருக்காகவும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. திடீரென்று எல்லாரும் டைட் எண்டை அள்ளத் தொடங்கினால் அந்த ஓட்டத்தில் நீங்களும் சேரலாம். ஓரத்தில் நிற்பவருக்குத் தன் முறை வருவதற்குள் ஓட்டமே முடிந்திருக்கும்.

முழு பிபிஆர் என்பதையும் மறக்க வேண்டாம். 2024இல் பார்க்லி ஓடியே 2,005 கெஜம் கடந்தார். பிடித்த பந்துகள் 33. சேஸ் 127 பந்து பிடித்தார். பிடித்ததற்கு மட்டும் இருவருக்கும் இடையே 94 புள்ளி வித்தியாசம். மூன்று ரிசீவரைக் களமிறக்க வேண்டிய லீக்கில் இது சாதாரண வித்தியாசம் அல்ல. பார்க்லி வழக்கமான பருவத்திலேயே 345 முறை பந்தைச் சுமந்து ஓடினார், அதன்பின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை ஆடினார் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள். என் தாளில் ரிசீவர்கள்தான் மேலே.

எடிசன்வாசி:
மிக்க நன்றி. கணக்குப்பிள்ளை கேட்டதால் விதித் தாளை மறுபடி படித்தேன். மூன்றாம் சுற்றும் 12இலிருந்தே தொடங்கும் என்று கடைசிப் பத்தியில் இருக்கிறது. டிராஃப்ட் பலகையைத் திறந்து பார்த்தேன். அதுவும் அப்படித்தான் காட்டுகிறது. நான்காம் சுற்று 1இலிருந்து. இப்போது என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
கேட்டது நல்லதாயிற்று. எண்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

சாதாரண ஸ்நேக்கில் 4ஆம் இடத்துக்கு 4, 21, 28, 45. உங்கள் விதியில் 4, 21, 33, 40. மூன்றாம் ஆள் ஐந்து படி கீழே போகிறார்.
6ஆம் இடத்துக்கு 6, 19, 30, 43 என்பது 6, 19, 31, 42 ஆகிறது. ஏறக்குறைய மாற்றமில்லை.
12ஆம் இடத்துக்கு 12, 13, 36, 37 என்பது 12, 13, 25, 48 ஆகிறது. மூன்றாம் ஆள் பதினொரு படி மேலே வருகிறார்.

நான்கு சுற்றுகளின் எண்களைக் கூட்டினால் எந்த இடத்துக்கும், எந்த விதியிலும் 98தான். அதைக் கண்டு எல்லா இடமும் சமம் என்று எண்ண வேண்டாம். 25ஆம் ஆளுக்கும் 36ஆம் ஆளுக்கும் இடையே தரம் விழுவது அதிகம். 37க்கும் 48க்கும் இடையே விழுவது குறைவு. முன்பகுதியில் கிடைக்கும் படிகளுக்குத்தான் மதிப்பு.

ஆகவே உங்கள் லீக்கில் நான் 12ஐக் கேட்பேன். முதல் ஆறு பேரில் ஒருவரும் கிடைக்க மாட்டார், உண்மைதான். ஆனால் அங்கே நின்று நிக்கோ காலின்ஸ், டெரிக் ஹென்றி, பிரையன் தாமஸ் போன்றவர்களில் இருவரையும், 25இல் இன்னொரு நல்ல ரிசீவரையும் சேர்க்கலாம். 25 பேர் போவதற்குள் உங்கள் கையில் மூவர் இருப்பார்கள். 4ஆம் இடத்துக்காரரிடம் அப்போது இருவர்தான். அது போனால் 11. அதன்பின்தான் 6.

நான்காம்டவுன்:
விதி இப்படி என்றால் நானும் கட்சி மாறுகிறேன். ஆனால் 12இல் 25க்கும் 48க்கும் இடையில் 22 பேர் போய்விடுவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பிராக் பௌவர்ஸ், டிரே மெக்பிரைடு இருவரும் 2024இல் நூற்றுக்கு மேல் பந்து பிடித்த டைட் எண்டுகள். அவர்களும், ஜோஷ் ஆலன், லமார் ஜாக்சன் போன்ற குவார்ட்டர்பேக்குகளும் 48வரை உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றால் 25லேயே எடுங்கள். இல்லாவிட்டால் ஆசையை முன்கூட்டியே விட்டுவிடுங்கள்.

எடிசன்வாசி:
அந்த நீண்ட இடைவெளிதான் எனக்குப் பயம். அதற்கு எப்படித் தயாராவது?

டெக்சாஸ்தமிழ்:
உங்கள் லீக் நடக்கும் தளத்தின் பட்டியலைப் படியுங்கள். இஎஸ்பிஎன், யாஹூ, ஸ்லீப்பர் மூன்றிலும் வீரர்களின் வரிசை ஒன்றுபோல இருக்காது. கடிகாரம் ஓடும்போது பெரும்பாலானோர் திரையில் மேலே தெரியும் பெயரைத்தான் அழுத்துவார்கள். உங்கள் தாளில் 30இல் இருக்கும் ஒருவர் தளத்தின் பட்டியலில் 50இல் இருந்தால், அவர் 48வரை நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. தாளில் 45, தளத்தில் 32 என்றால் அவரை மறந்துவிடுங்கள். அப்படித் தளம் கீழே தள்ளியிருக்கும் பெயர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். பிறகு 11, 12 இடங்களில் நின்று மாதிரி டிராஃப்ட் ஆடிப் பாருங்கள். மாதிரியிலும் மூன்றாம் சுற்று விதியை மாற்றி வைக்க மறவாதீர்கள். இல்லாவிட்டால் ஒத்திகை வேறு, மேடை வேறு ஆகிவிடும்.

எடிசன்வாசி:
இன்று மாலை நிலவரம்: மூன்றாமவர் 12ஐ எடுத்துவிட்டார். அவரும் விதித் தாளைப் படித்திருக்கிறார். நான் 11ஐச் சொல்லிவிட்டேன். எனக்கு 11, 14, 26, 47, 50. உதவிய எல்லாருக்கும் நன்றி. 12இல் இருப்பவர் இந்த லீக்கிலேயே நன்றாக ஆடுபவர், பக்கத்தில் அமைந்துவிட்டார் என்பதுதான் சிறு கவலை.

கணக்குப்பிள்ளை:
கவலை வேண்டாம், அது உங்களுக்கு வசதி. 11க்கும் 14க்கும் நடுவில் அவர் ஒருவர்தான் எடுப்பார். 47க்கும் 50க்கும் நடுவிலும் அவரேதான், 48, 49. எனவே 47ஆம் முறை வரும்போது அவருடைய அணியைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு குவார்ட்டர்பேக் களமிறங்கும் லீக்கில், ஏற்கெனவே ஒருவரை வைத்திருப்பவர் அங்கே இன்னொருவரை எடுப்பது அரிது. அவரிடம் இருந்தால் 47இல் ரிசீவரை எடுத்துவிட்டு, குவார்ட்டர்பேக்கை 50க்குத் தள்ளுங்கள். அவரிடம் இல்லை, உங்களுக்குப் பிடித்தவர் ஒருவர்தான் மிச்சம் என்றால் 47லேயே எடுத்துவிடுங்கள். 11லும் இதே வழிதான்: உங்களுக்குப் பிடித்த மூவர் நின்றால், 14இல் ஒருவராவது மிஞ்சுவார் என்று நம்பாதீர்கள், நீங்கள் ஒருவரை எடுத்தபின் மீதி இருவரையும் அவர் 12, 13இல் எடுத்துக்கொள்ளக்கூடும் என்று வைத்துக்கொண்டு, இழக்கவே கூடாத ஆளை முதலில் எடுங்கள்.