டேபிள் ஃபேன் காத்துக்கு சண்ட போடுற பிள்ளைங்க, உங்க வீட்லயும் இப்படித்தானா?

ஆனையூர் அம்மா:
பொண்ணுக்கு எட்டு வயசு, பையனுக்கு அஞ்சு. லீவு விட்டதுல இருந்து வீடு வீடா இல்லைங்க. நேத்து மத்தியானம் டேபிள் ஃபேன் அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பிக்கிட்டு இருக்கு, சின்னவன் திடீர்னு "அம்மா, இவ என் காத்த எடுக்குறா"ன்னு அழுவுறான். என்னடான்னு போய் பாத்தா ஃபேன் அவன் பக்கம் திரும்பும்போதெல்லாம் இவளும் நகந்து நகந்து கூடவே போயிருக்கா, ரெண்டு பக்கத்துக் காத்தும் இவளுக்கே. கேட்டா "காத்துல அவன் பேரு எழுதியிருக்கா"ங்குறா. அவன் சத்தமில்லாம நோட்டுப் பேப்பரக் கிழிச்சு பேர எழுதி ஃபேன் கம்பில சொருகிட்டு, அது படபடன்னு அடிக்குது, "இப்ப எழுதியிருக்கு"ங்குறான். சிரிச்சா ரெண்டுக்கும் கோவம் வரும்னு அடுப்படிக்குள்ள போய் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிச்சேன்.

நான் யாரு பக்கம் தீர்ப்பு சொன்னாலும் இன்னொண்ணு "உனக்கு அவங்களத்தான் புடிக்கும்"னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குது. தலையிடவா, விட்டுரவா?

மேலூர்க்காரன்:
அக்கா, அடி விழாத வரைக்கும் விட்டுருங்க. எனக்கும் அண்ணனுக்கும் மேலூர்ல இருந்து மாட்டுத்தாவணி வர்ற பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு எப்பவும் சண்ட. அப்பா, ஒத்தக்கடை வரைக்கும் பெரியவன், அதுக்கப்புறம் சின்னவன்னு பிரிச்சு விட்டாரு. ஒத்தக்கடை வந்துட்டா மதுரையே வந்த மாதிரில்ல, எனக்குன்னு மிச்சம் இருந்தது கொஞ்ச தூரம்தான். எனக்கு இப்ப வயசு 34, போன பொங்கலுக்குக்கூட அந்தக் கணக்கக் கேட்டேன்.

கமர்கட்டுலயும் இதே கததான், எச்சி படாம சட்டத் துணிய மேல போட்டு காக்கா கடி கடிக்கிறேன்னு சொல்லிட்டு பெரிய துண்டு அவன் வாய்க்குள்ள போயிரும். அப்புறம் எங்கம்மா ஒரு வழி கண்டுபிடிச்சுச்சு, ஒருத்தன் பங்கு பிரிக்கணும், இன்னொருத்தன் மொதல்ல எடுக்கணும். அன்னைல இருந்து அண்ணன் பிரிச்சா நூல் புடிச்ச மாதிரி இருக்கும். செஞ்சு பாருங்க.

செல்லூர் அப்பத்தா:
ஏத்தா, நம்ம ஊரு சாமி அழகரே கோவிச்சுக்கிட்டுப் போனவருதான. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர்கோயில்ல இருந்து 21 கிலோமீட்டர் வர்றாரு, ஆத்துக்கு வந்தா கல்யாணம் முடிஞ்சிருச்சுங்குறாங்க, ஊருக்குள்ளயே வராம வண்டியூருக்குப் போயிட்டாருன்னு எங்க ஆத்தா சொல்லும். போன சித்திரையில பேரப் பிள்ளைககிட்ட இதச் சொன்னேன். பேத்தி "லேட்டா வந்துட்டு கோவம் வேறயா"ங்குறா, பேரன் "அண்ணன் வரட்டும்னு செத்த உக்காந்திருக்கக் கூடாதா"ங்குறான், அப்புறம் அவனே யோசிச்சு "நானா இருந்தா சாப்பிட்டுட்டுத்தான் கோவிச்சுக்குவேன்"னுட்டான்.

நீ தாராளமா சிரி, ஆனா ஒருத்தர மட்டும் பாத்து சிரிக்காத. "உன்னத் தவிட்டுக்கு வாங்குனது"ன்னு பெரியவ சொன்னா மட்டும் உடனே நிறுத்திரு, சின்னதுக அத அப்படியே நம்பிரும். என் தம்பி நம்பிட்டு, தவிட்டுக் கடைக்காரர்கிட்ட போயி "என்னைய எத்தன படித் தவிட்டுக்குக் குடுத்தீங்க"ன்னு கேட்டுட்டு வந்து ராத்திரி பூரா அழுதான். எனக்கு இன்னமும் மனசு கெடந்து அடிச்சுக்கும்.

திருநகர் வாசி:
அப்பத்தா, அழகர் முன்னாடி தேனூர்லதான் ஆத்துல எறங்குவாரு, திருமலை நாயக்கர் காலத்துலதான் மதுரைக்கு மாத்தி, மீனாட்சி கல்யாணம், அழகர் ஆத்துல எறங்குறதுன்னு ரெண்டு திருவிழாவையும் ஒண்ணாக்குனாங்க. கல்யாணத்துக்கு லேட்டானது சனங்க சேத்துக்கிட்ட கததான். ஆனா சேக்கும்போது அண்ணன் தங்கச்சி கோவத்தப் போய் சேத்திருக்காங்க பாருங்க, எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சிருக்கு.

ஆனையூர் அம்மா:
மேலூர் தம்பி, நீங்க சொன்னத செஞ்சுட்டேன். ஒரு ஜிகர்தண்டா பார்சல், ரெண்டு டம்ளர், அவ ஊத்தணும், இவன் எடுக்கணும். மூச்சப் புடிச்சுக்கிட்டு ஊத்துனா. இவன் அவ பாக்ஸ்ல இருந்து ஸ்கேல எடுத்துட்டு வந்து ரெண்டு டம்ளருக்குள்ளயும் விட்டு அளந்து பாத்தான், சரியா இருந்துச்சு. அப்புறம் "கடல்பாசி பூரா அவ டம்ளர்ல கெடக்கு"ன்னு அந்த டம்ளர எடுத்துக்கிட்டான், சட்டப்படி சரிதான. அவளும் ஒண்ணும் சொல்லல, எனக்கு ஆச்சரியம். ரெண்டு பேரயும் பாத்து நல்லா சிரிச்சுட்டேன் அப்பத்தா.

குடிச்சு முடிச்சு அவன் ஸ்கேல நக்கிட்டான். இப்ப சோப்பு போட்டுக் கழுவிக் குடுத்தும் எச்சி எச்சின்னு வாங்க மாட்டேங்குறா, அப்ப எனக்கே குடுங்கன்னு அவன் நிக்கிறான், அதுக்கும் விட மாட்டேங்குறா.